மாமா சுட்ட கப்பல் பண்டம்

எங்கள் மாமாவுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. யார்க்ஷயர் புட்டிங் என்று பேர். புட்டிங் என்றதும் பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கும் இனிப்பை நினைத்துக்கொண்டு நான் மாமாவின் பின்னாலேயே திரிந்தேன். இனிப்பே கிடையாது. மைதா, முட்டை, பால் மூன்றையும் தண்ணியாக அடித்து, புகை வரக் காய்ந்த கொழுப்பில் ஊற்றி, மூடிய சூட்டில் வேகவைத்தால் ஓரமெல்லாம் எழும்பி நடுவில் குழி விழும். அந்தக் குழியில் கறிக்குழம்பை ஊற்றித் தின்ன வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்டிய கறியோடு இதைத்தான் தின்கிறார்கள் என்றார் மாமா. "அவுகளுக்கு வேற வேல இல்ல" என்றாள் அம்மா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றும் கப்பலில் ஒரு தடவை வேலைக்குப் போய் வந்தவர். வெள்ளைத் தொப்பியோடு நிற்கும் போட்டோவைக் காட்டி, கப்பல் சமையல்காரர் என்று சொல்லி, கடலோரத்து அக்காள்மடத்தில் பெண் கட்டினார். அபிராமத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டிலேயே மாமாவும் அத்தையும் தங்கியிருந்தார்கள். ஆடிக்கு மகளை அழைத்துப்போன அத்தையின் அப்பா ஆவணி முடிந்தும் திருப்பி அனுப்பவில்லை. மாப்பிள்ளை கப்பலில் எச்சில் தட்டுத்தான் கழுவினார் என்று அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். பொய் சொல்லிப் பெண்ணெடுத்தவனோடு மகள் வாழ வேண்டாம் என்பது அவருடைய முடிவு. அய்யா, அதாவது என் அப்பா, நாலு தடவை பஸ் ஏறிப் போய்க் கெஞ்சிய பிறகு, நேரில் வந்து பேசுகிறோம், ஒத்துவந்தால் விட்டுவிட்டு வருகிறோம், இல்லையென்றால் வந்த வண்டியிலேயே கூட்டிப்போகிறோம் என்று அத்தையின் அப்பா சொல்லி அனுப்பினார்.

பின்னால் நானே எத்தனையோ ஊர் ஓட்டல்களில் எச்சில் தட்டு கழுவியிருக்கிறேன். அதை மறைக்கத் தோன்றியதில்லை. எனக்குப் பெண் கொடுக்க யாரும் வராததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாமாவோ, சமைத்துக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நம்பினார். அதுவும் ஊரில் எவனுக்கும் தெரியாத பண்டமாக இருக்க வேண்டுமாம். அந்த ஒரு வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. பிரியாணி அண்டா ஒன்றை இரவல் வாங்கி, அடியில் மணலைப் பரப்பி, கீழேயும் மூடி மேலேயும் கரி போட்டுக் கனலவிட்டார். அய்யா கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் என்பதால் கரிக்குப் பஞ்சமில்லை. முட்டைக்குத்தான் பஞ்சம். முதல்நாள் சுட்டது அப்பளமாகத் தீய்ந்தது. மறுநாள் சுட்டது பசையாக ஒட்டியது. அடுத்தது பாதி எழும்பும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். படுத்துவிட்டது. மாமா என்னை அடிக்கவில்லை, அம்மா அடித்தாள்.

"ஏலே, கோழி அடைக்கு வைக்க எடுத்து வச்ச முட்டைய எங்கடா?"

"ரெண்டுதாங்க்கா எடுத்தேன்."

"ஊர்ல உள்ளவன் பொண்டாட்டியக் கூப்பிடப் பூவும் பழமும் வாங்கிட்டுப் போறான். நீ முட்டைய ஒடச்சிக்கிட்டு உக்காந்திருக்க. ஒரு மீன் கொழம்பு வச்சாப் போதாதா அவுகளுக்கு?"

"மீன் கொழம்பு அவுக வீட்லயே வைப்பாக. இத வைக்க முடியுமா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பக்கத்து வீட்டில் முட்டை கேட்டு வாங்கி வந்தது அவள்தான்.

அவர்கள் வருகிற அன்று காலையிலேயே ஆட்டுக்கறி கொதித்தது. கொழுப்பை உருக்கி எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி அண்டாவுக்குள் காயவைத்து, வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் மாமா மாவை ஊற்றி மூடினார். ஒரு கிண்ணம் எனக்கு என்று சொல்லிவைத்திருந்தார். அத்தையின் அப்பா, அவருடைய அண்ணன், கடைசியாக அத்தை என்று இறங்கினார்கள். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். பெரியவர்கள் இருவரும் வாங்கவில்லை.

"இருக்கட்டும்மா. பேச்சு முடியட்டும், அப்பறம் கை நனைப்போம்."

வழக்கு வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கை நனைத்தால், அந்த வீட்டோடு ஒத்துப்போய்விட்டதாக அர்த்தம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு வாரமாக அது எழும்புமா எழும்பாதா என்றே பார்த்துக்கொண்டிருந்ததில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. அம்மா செம்போடு நின்று மாமாவைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே அது எழும்பிவிட்டது. முன் எப்போதும் எழும்பாத அளவுக்கு, கிண்ணத்தை விட்டு ஒரு விரல் உயரத்துக்குச் செவசெவ என்று எழும்பி நின்றது. மாமா தட்டில் அடுக்கி, குழம்புக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்து மாமனார் முன்னால் நின்றார்.

"மாமா, மொதல்ல சாப்பிட்ருங்க. அப்பறம் பேசுவோம்."

"சாப்பிட்டுட்டு அப்பறம் என்னத்தப் பேச?"

"இல்ல மாமா, அமுங்கிரும்."

"எது அமுங்கிரும்?"

"இது. நான் கப்பல்ல சுட்டது."

அத்தையின் பெரியப்பா எட்டிப் பார்த்தார். "பூரி மாதிரில்ல இருக்கு?"

"பூரி இல்ல பெரிப்பா."

"உள்ள என்ன வச்சிருக்க?"

"உள்ள ஒண்ணும் இல்ல. காத்துதான்."

"காத்துக்கா ஒனக்குக் கப்பல்ல சம்பளம் குடுத்தாக?"

அய்யாவுக்கே சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டார். ஒரு வாய் தின்று பார்த்தால்தான் சமையல்காரர் என்று தெரியும், சமையல்காரர் என்று தெரிந்தால்தான் பேச்சு முடியும், பேச்சு முடிந்தால்தான் ஒரு வாய் தின்பார்கள். இதை அவர்கள் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓரத்தில் இருந்தது மெல்ல மூச்சு விட்டது. அடுத்தடுத்து எல்லாம் சுருங்கின. கடைசியில் மழையில் கிடந்த செருப்பு மாதிரி ஆகிவிட்டன. மாமா அவற்றைப் பார்க்கப் பார்க்க அவர் குரலும் இறங்கியது.

"இதெல்லாம் விடு" என்றார் அத்தையின் அப்பா. "தட்டு கழுவுனியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"கழுவுனேன் மாமா. ரொம்ப நாள் அதான். கடைசியாத்தான் இதச் சுட விட்டாக."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிம்மா, போவோம்."

அத்தை எழுந்தாள். வாசலுக்குப் போவாள் என்று பார்த்தால், தட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அமுங்கிக் கிடந்த ஒன்றை எடுத்துப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். அம்மா செம்பை அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அத்தை இன்னொன்றை எடுத்தாள். ஆறிப்போய்த் தோல் மாதிரி இழுத்ததை விடாமல் மென்றாள். வழியில் இவளுக்கு ஒரு வடைகூட வாங்கிக் கொடுக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அத்தையின் அப்பா வேனிலிருந்து மகளின் பையை எடுத்து வந்து வாசலில் வைத்தார். அவர் கை நனைக்கவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

வேன் போன பிறகும் அத்தை தின்றுகொண்டிருந்தாள். கடைசி வாயை விழுங்கிவிட்டு, மாமாவை நிமிர்ந்து பார்த்து, "உப்பு கம்மி" என்றாள்.

மாமா சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு வாரமாக அம்மா வைத வசவுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவர், உப்பு கம்மி என்றதற்குப் போய் இப்படி அழுவாரா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தை மேல் அதைவிட எரிச்சல். எனக்கென்று சொல்லிவைத்ததையும் சேர்த்துத் தின்றவள், அந்த மனிதரிடம் நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?