ஒரே தட்டில் நான்கு பேர்

பருப்புச் சாதம் குழைந்து வரும்போது எழும் பெருங்காய வாசனையும், குழந்தைகளின் பவுடர் வாசனையும், காயாத துணிகளின் ஈர வாசனையும் சேர்ந்ததுதான் எங்கள் அசோக் நகர் வீட்டின் பகல் வாசனை. வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் நால்வரை அம்மா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தெருவில் அதற்குப் பெயர் "பாப்பா வீடு". ஒரே தட்டில் சாதத்தைப் பிசைந்து, நால்வரையும் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு வாயாக ஊட்டிக்கொண்டே வருவார். ஒருவர் மெல்லும்போது அடுத்தவர் வாயைத் திறந்து காத்திருப்பார், யாரும் விட்டுப்போக வழியே இல்லை.

எதிர் வீடு காலியானபோது, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு யோசனை வந்தது. "குக்கர் ஒண்ணுதான், அடுப்பு ஒண்ணுதான். நாலு பேரா இருந்தா என்ன, பன்னெண்டு பேரா இருந்தா என்ன? அரிசியைக் கொஞ்சம் கூடப் போடப்போற, அவ்வளவுதானே?" என்றார். அம்மாவுக்கும் ஆசைதான். அந்த வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அடையாற்றங்கரையில் குடியிருந்த செல்வி அக்காவை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

அப்பா சொன்னது சமையலறைக்குள் மட்டும் பலித்தது. சாதம் ஒரே தடவையில் வெந்தது. அம்மாவின் மடி பெரிதாகவில்லை. ஒரு குழந்தை சிணுங்கினால் தூங்கிய அத்தனை பேரும் எழுந்தார்கள், ஒருவனுக்கு வந்த சளி இரண்டு வீட்டிலும் பரவியது, "என் பையனை நீங்களே பாத்துக்கோங்க, ஆயாகிட்ட விட்டுடாதீங்க" என்று ஒவ்வொரு தாயும் அம்மாவின் காதில் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள். "இந்தாண்ட ஒண்ணு அயுவுது, அந்தாண்ட ஒண்ணு அயுவுது, நான் இன்னா ரயில் வண்டியாம்மா?" என்பார் செல்வி அக்கா. முதலில் அம்மா சிரித்தார். பிறகு அதற்கும் நேரமில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நித்யாவை அழைத்துப்போக அவள் அம்மா வந்தார். நித்யா எதையும் கேட்டு வாங்கத் தெரியாத குழந்தை. தாய் கொடுத்த பிஸ்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவள் தின்ற வேகத்தைப் பார்த்து, "மதியம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார் அவர்.

அம்மா செல்வி அக்காவைப் பார்த்தார். "நீ ஊட்டலையா?"

"நீங்க ஊட்டிட்டீங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

நித்யாவின் அம்மா சத்தம் போடவில்லை. மறுநாள் குழந்தையை அனுப்பவும் இல்லை. அந்த மாதத்தோடு அம்மா எதிர் வீட்டைக் காலி செய்தார்.

இப்போது திருவான்மியூரில், நான் என் மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் காப்பகத்தில், "மாடியையும் எடுத்துட்டோம், உங்க பொண்ணு இனிமே மேல" என்கிறார்கள். நடத்துகிறவர் நல்லவர், நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்னவோ. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு ஆள் வச்சு வேலை வாங்கத் தெரியல, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றவர், கூடவே, "எதுக்கும் யார் ஊட்டுறாங்கன்னு கேட்டு வச்சுக்கோ" என்றார்.

அடையாறிலிருந்து கொட்டிவாக்கம் வரை விசாரித்துவிட்டேன். நான்கு குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்றுகூட இல்லை. இன்றைய வாடகைக்கு அது யாருக்கும் கட்டுப்படியாகாது. மகள் மாடிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மதியம் அலுவலகத்திலிருந்து போன் செய்கிறேன். "சாப்டாச்சு மேடம், எல்லாரும் சாப்டாச்சு" என்கிறது ஏதோ ஒரு பெண் குரல். அந்த எல்லாரிலும் என் மகளும் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.