சுடிதாரில் நின்ற கிளிகள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. அந்தத் துணிச்சலில், வெளுத்துப்போன என் நீலச் சுடிதாரில் துணி பெயிண்டால் கிளிகள் வரைந்தேன். முதல் அலசலிலேயே அவை பச்சைத் தண்ணீராக ஓடிவிட்டன.

வாளியை எட்டிப் பார்த்த கணவர், "வுட்டுடு, புதுசு எடுத்துக்கலாம்" என்றார்.

"வேணாங்க. இதுலயே கிளி நிக்கணும்."

பொம்மைக்குக் கலப்பதுபோல் பெயிண்டில் தண்ணீர் ஊற்றியதுதான் தப்பு என்று புரிந்தது. இந்த முறை கெட்டியாகவே தீட்டினேன். நன்றாகக் காயவிட்டு, துணியைத் திருப்பி இஸ்திரி போட்டேன். சில நாள் கழித்துப் படபடப்புடன் துவைத்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

பெண்ணாடத்தில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு அதையே போட்டுக்கொண்டு போனேன்.

"எந்தக் கடையில எடுத்தீங்க அண்ணி?" என்று அவள் கேட்டாள்.

"நானே வரைஞ்சதும்மா."

நம்பாமல் கிளியைத் தடவிப் பார்த்தவள், நான் கிளம்பும்போது தன் பழைய புடவை இரண்டை என் பையில் திணித்தாள்.