ஷாஃப்டில் என் பக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. என் தங்கையின் புருஷன் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். மல்லாங்கிணற்றில் மானாவாரி விவசாயம் பார்த்த குடும்பம் அவருடையது. அவர் மட்டும் கோயம்புத்தூர் போய் ஒரு மில் பட்டறையில் தொழில் கற்றிருந்தார்.

மீசை முளைத்த நாளிலிருந்து லேத்தில் நிற்கிற என்னை அப்பா "ஏலே" என்பார். தங்கை புருஷன் உள்ளே நுழைந்தால், "வாங்க மாப்பிள்ள, சாப்பிட்டீகளா?" மருமகனுக்கு உரிய மரியாதைதான். ஆனாலும் வேலையாட்கள் முன்னால் அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

நான் வெகுநாளாக ஒரு புது லேத் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா காது கொடுக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு தரம் சொன்னதும் ஸ்பிரே துப்பாக்கி வந்து இறங்கியது. அதற்குள் இரண்டு இரும்புக் கம்பிகள் ஓடும். நுனியில் அவை நெருங்கும்போது கரண்ட் பொறி பற்றிக் கம்பி உருகும். கம்ப்ரெஸர் காற்று அந்த உருகலைச் சிதறடித்து, தேய்ந்த இரும்பின் மேல் படிய வைக்கும். அதைக் கடைந்தால் பழைய அளவு வந்துவிடும்.

காலண்டர் சீசன் நெருங்கியபோது சிவகாசி அச்சாபீஸ் ஒன்றிலிருந்து அச்சு மிஷினின் சுழல் தண்டு, ஒரு ஷாஃப்ட் வந்தது. இரண்டு முனையும் தேய்ந்திருந்தன. ஆளுக்கு ஒரு முனை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் ஒரு சாண் தள்ளி நின்று மெல்லிசாக அடித்தார். சூடு ஏறினால் நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி அடித்தார். நான் வோல்டைக் கூட்டினேன், துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுபோனேன். பூச்சு கனமாக ஏறியது. அவருக்கு முன்னால் முடித்துவிட்ட சந்தோஷத்தில் பீடி பற்றவைத்தேன்.

லேத்தில் ஏற்றி உளியை வைத்ததும் என் பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. அவருடையது வழுவழுவென்று நின்றது. அப்பா என்னைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள, இதையும் நீங்களே பாத்துருங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"இருக்கட்டும் மாமா. அது மச்சான் பக்கம், அவுகளே அடிக்கட்டும்" என்றார் அவர். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "வோல்ட் கூடுனா துளி பெருசாயிரும் மச்சான், பூச்சு சொரசொரன்னு நிக்கும். கிட்டக்க வச்சா சூடேறி, ஆறும்போது இழுத்து வெடிச்சிரும். அதுக்காக ரொம்பத் தள்ளிட்டா துளி வழியிலயே ஆறிப்போயி ஒட்டாது" என்றார்.

அவர் சொன்னபடியே அடித்தேன். நின்றது. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள சொல்லிக்குடுத்தா ஏன் வராது?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் பட்டறையிலேயே நின்றேன். மாப்பிள்ளைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. துண்டு இரும்புகளில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் அடித்து, ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். காற்று குறைந்தால் உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது.

ஐப்பசி மழையில் அவர் அடித்த பூச்சிலேயே பொத்தல் விழுந்தது. வோல்ட் சரி, தூரம் சரி, காற்றும் சரி. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே வர, அவர் வேர்த்துப் போய், "மச்சான், என்னன்னு பாருங்களேன்" என்றார்.

கம்ப்ரெஸர் தொட்டியின் அடித் திருகைத் திறந்தேன். தண்ணீர் பீச்சியது. மழைக்காற்றின் ஈரம் தொட்டியில் சேர்ந்து துப்பாக்கி வரைக்கும் போயிருக்கிறது. அப்பா பார்க்கிறாரா என்று திரும்பினேன். அவர் வாசலில் லோடு வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோணவே இல்லயே மச்சான்!" என்றவர், சாப்பிடும்போது நடந்ததை ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்படியாலே?" என்றார். அப்புறம் அம்மாவிடம், "மாப்பிள்ளைக்கு ரசம் ஊத்து" என்றார்.

மறுநாள் முதல் தொட்டித் தண்ணீரை வடிப்பது என் வேலையாயிற்று. நாங்கள் இருவரும் அந்தப் பட்டறையில் சேர்ந்துதான் இருந்தோம், சண்டை ஒன்றும் இல்லாமல். அவர் நல்லவர். அவர் நல்லவராக இருந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.