எட்டு வயலின்

எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரி எப்படி இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘ரெக்கார்டு மாதிரி இருந்துச்சா?’ என்றுதான் கேட்பார்கள். பாடகன் உயிரைக் கொடுத்துப் பாடியிருந்தாலும், இசைத்தட்டில் மூச்சு விட்ட இடத்தில் அவன் மூச்சு விடவில்லை என்றால் அவன் பாடகனே இல்லை. டீக்கடை ரேடியோவில் கேட்டுக் கேட்டுக் காது தீட்டிக்கொண்ட ஜனங்கள். இடையில் வரும் ஒரு சலங்கைச் சத்தம் விட்டுப்போனால்கூட, மறுநாள் தென்காசி ரத வீதியில் என் அண்ணனை நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள். அந்த ஒரு கேள்வியால் எனக்கு நடந்த அநியாயத்தைத்தான் எழுதப்போகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தான். தபேலா, போங்கோ, பழைய எலெக்ட்ரிக் ஆர்கன் ஒன்று, இரண்டு பாடகர்கள், திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பாடகி. எல்லாம் சரிதான். ஆனால் சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு வயலின் ஒன்றாகச் சேர்ந்து எழும்புமே, அதற்கு எங்கே போவது? அண்ணனுக்குத் தெரிந்து வயலின் வாசிக்கும் ஆள் ஒன்றே ஒன்று. அது நான். எட்டு வயதில் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, இருபத்திரண்டு வயதில் எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் வாசித்துவிடுவேன். அண்ணன் தபேலாவில் தாளம் தப்பும்போது வீட்டுக்குள்ளிருந்து நான்தான் கத்துவேன்.

ஒரு ஆளைப் பத்து ஆளாக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் அண்ணனின் சிநேகிதர், ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரிடம் இரண்டு ஸ்பூல் டேப்ரிக்கார்டர் இருந்தன. ஒன்று, மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர் வேண்டாம் என்று விற்றது. இன்னொன்று, செத்துக் கிடந்ததை அவரே பிழைக்க வைத்தது. நான் ஒரு தடவை வாசிப்பதை முதல் மிஷினில் பதிய வேண்டும். அதை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நான் மறுபடி வாசிக்க வேண்டும். பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டாவது மிஷினில் ஏறும். இப்படியே மாற்றி மாற்றி எட்டுத் தடவை. எட்டு நான்.

இடம்? வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. வைகாசியில் வற்றிக் கிடந்தது. உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். பெரிய ஸ்டூடியோவில் பாட்டுக்கு வருகிற அந்த முழக்கம் இங்கேயே கிடைத்துவிட்டது என்று அண்ணாச்சி துள்ளினார். ஏணி வைத்து என்னை இறக்கினார்கள். ஒரு பலகையில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கயிற்றில் மைக் தொங்கியது. வெயிலில் சுவர் கொதித்தது, எறும்பு கடித்தது, வியர்வை வழிந்து வயலினின் தாடைக்கட்டையில் நின்றது. விசிறினால் சத்தம் பதியுமாம், கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் பலகையை ஒரு மூலைக்கு மாற்றி உட்கார வேண்டும், எட்டுப் பேர் எட்டு இடத்தில் இருப்பதுபோல் கேட்பதற்காக.

அடிக்குரலில் முனகும் பெரிய வயலின் எங்கள் ஜில்லாவிலேயே யாரிடமும் இல்லை. அதற்கும் அண்ணாச்சி வழி கண்டார். டேப்பை வேகமாக ஓடவிட்டு நான் இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தேன். பிறகு பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, யாரோ கனத்த உடம்புக்காரர் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்து விரல் தோல் உரிந்ததை யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டில் வரும் அருவிச் சத்தத்துக்காக ஐந்தருவிக்கே மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்துவந்தார்கள். போட்டுக் கேட்டால் அப்பளம் பொரிகிற சத்தம். கடைசியில் முறத்தில் அரிசியைச் சரித்துப் பதிந்தோம், அதுதான் அருவி மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் சிரித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நாள் அண்ணாச்சி மேலேயிருந்து குனிந்து, “ஒண்ணாவது ஆளு சத்தம் அமுங்கிப்போச்சு, எட்டாவது ஆளு சத்தம் தூக்கலா கேக்கு” என்றார். எட்டுப் பொம்பளைகள் உள்ளே இருப்பதுபோல்தான் பேசினார். “எல்லாம் ஒரே ஆளுதான் அண்ணாச்சி, தண்ணி குடுங்க” என்றேன்.

எட்டு நாள் அந்தத் தொட்டிக்குள் நான் கிடந்தது ஒரே ஒரு வாக்குக்காக. குற்றாலம் சீசனில் மெயின் அருவிப் பக்கம் பந்தல் போட்டு ஒரு கச்சேரி கிடைத்திருந்தது. அண்ணன் சொன்னான்: “டேப்பு பின்னால ஓடும். நீ முன்னால உக்காந்து வாசி. எட்டுக்கு மேல ஒன்பதாவது ஆளா நீ மேடையில இருக்கே, சரியா?” மேடை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நீலப் புடவையை எடுத்து மடித்து வைத்தேன். நோட்டீஸ் அடித்தார்கள், ‘எட்டு வயலின்கள் முழங்க’ என்று. என் பேர் அதில் இல்லை. மேடையில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கச்சேரிக்கு நாலு நாள் இருக்கும்போது வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை போலீஸ். எப்படியும் சீசனுக்குக் குளிக்க வருகிறோம், அங்கேயே பெண்ணையும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா என்னிடம் பேசவில்லை, அண்ணனிடம்தான் பேசினாள். “மேடையேறுத பொண்ணை எவம்ல கட்டுவான்?” அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “அவ பொம்பளைங்க பக்கம் உக்காரட்டும். வயலினைப் பிடிச்சிக்கிட்டு ஆட்டுததுக்கு ஒரு ஆளு போதும்” என்றான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அவன் சிநேகிதன் ஒருவன் அந்த ஆள். வில்லை எந்தக் கையில் பிடிப்பது என்று என்னிடமே வந்து கேட்டான்.

அவன் கைக்குப் போனது என் வயலின். என் வில். நான் கொடுக்க மாட்டேன் என்றேன். “ஏட்டி, மூணு மணி நேரத்துக்குத்தானே, தேஞ்சா போகும்?” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் அண்ணன். சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஆனாலும் நான் போனேன். என் வாசிப்பு அத்தனை பேர் காதில் விழுவதையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தது.

சாயங்காலம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவே என்னை உட்கார்த்தி வைத்தார்கள். முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில்தான் வயலின்கள் வர வேண்டும். கூட்டுறவுக்காரன் என் வயலினைத் தோளில் வைத்து வில்லைத் தூக்கினான். அண்ணாச்சி டேப்பைத் தட்டினார்.

வயலின்கள் கீழே இறங்கி வந்தன. முக்கால் சுரம் கீழே, இழுத்துக்கொண்டு. அந்த இரண்டு பெரிய மூளைக்காரர்களும் ஒன்றை மறந்திருந்தார்கள். வீட்டில் பதிந்தது மின்சார வாரியத்துக் கரண்டில். இங்கே மழைக்கு லைன் போய் எல்லாமே ஜெனரேட்டரில் ஓடின. ஜெனரேட்டர் மெதுவாகச் சுற்ற, மிஷினும் மெதுவாகச் சுற்றியது. ஆர்கன் ஒரு சுருதியில், எட்டு நான் வேறொரு சுருதியில். பாடகி எதைப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

“ஏலே, வயலினுக்கு சளி பிடிச்சிருக்குலே!” என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரை முறுக்கினார்கள். பந்தல் விளக்கெல்லாம் பளீரென்று எரிந்தன, வயலின்கள் வீறிட்டுக்கொண்டு மேலே போயின. விசில் பறந்தது. பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான், அது அவளுக்குத் தெரியாது.

அண்ணன் டேப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஓரமாகச் சுற்றி என்னிடம் ஓடிவந்தான். “எந்திரிட்டி, வா.”

“மேடைக்கா?”

“மேடைக்குப் பின்னால. தட்டி மறைப்புல உக்காந்து வாசி. அவனை இறக்கிடுதேன். ஆளு தெரிய வேண்டாம், சத்தம் வந்தாப் போதும்.”

அப்போதும் மறைப்புதான். மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவனுக்கு என்னை மறைக்கத் தோன்றியது. நானும் எழுந்து போனேனே, அதுதான் இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்ளும் விஷயம். கை துறுதுறுத்தது, போய்விட்டேன். ஈரத் தட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து வயலினை வாங்கினேன். கையில் சோப்பு வாசனை அடித்தது. தந்தியில் வில்லை வைத்து இழுத்தேன். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தேன். எண்ணெய்க் கையால் தாழ்ப்பாளைத் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

அந்தக் கூட்டுறவுக்காரன் அசடு வழிந்துகொண்டே சொன்னான்: “தப்பித் தவறி நம்ம சத்தம் வந்துடக்கூடாதுல்லா? அருவியில குளிக்கும்போது வில்லுல சோப்பு தேச்சிட்டேன்.”

அண்ணனைப் பார்த்தேன். “வில்லுல சோப்பு தேச்சிருக்குண்ணே.”

“தெரியும்ட்டி, நாந்தான் தேய்க்கச் சொன்னேன். நீ அழுத்தி வாசி.”

அழுத்தி வாசி! வில்லின் மயிரில் சோப்பு ஏறினால் எத்தனை பிசின் தேய்த்தாலும் தந்தியைப் பிடிக்காது, மயிரையே மாற்ற வேண்டும். தபேலாவில் துளி தண்ணீர் பட்டால் ஊரைக் கூட்டுகிறவனுக்கு இது தெரியாதா? “எதை வச்சுண்ணே வாசிக்க?” என்று கேட்டேன். அதற்கு அவன், “சமயத்துக்கு உதவ மாட்டேங்குதே பாரு” என்றான். வில்லை அவன் காலடியில் போட்டுவிட்டு எழுந்தேன். மீதிக் கச்சேரியை வயலின் வராத பாட்டாகப் பொறுக்கி ஒப்பேற்றினார்கள்.

வீரகேரளம்புதூர்க்காரர்கள் ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவும் போச்சு, இதுவும் போச்சு. வில்லை மயிர் மாற்ற மதுரைக்கு அனுப்பினோம். அது திரும்பி வரும்வரை என் வயலின் சும்மா கிடந்தது.

அது வருவதற்கு முன்பே இலத்தூரில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணன் கச்சேரி ஒத்துக்கொண்டுவிட்டான். என்னிடம் மூச்சு விடவில்லை. கச்சேரி முடிந்த மறுநாள் காலை நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, இலத்தூரில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த எதிர்வீட்டு ஆச்சி வந்தாள்.

“ராத்திரி உங்க அண்ணன் கச்சேரி கேட்டேன். என்னமா இருந்துச்சுங்கே! வயலினெல்லாம் அப்படியே ரெக்கார்டு மாதிரி.”

“யாரு வாசிச்சா ஆச்சி?”

“வாசிக்கதுக்கு யாரு இருந்தா? அது மிஷின்லா.”

எனக்குப் புரிந்துவிட்டது. இலத்தூரில் ஜெனரேட்டர் இல்லை, கம்பத்துக் கரண்டு, டேப் ஒழுங்கான வேகத்தில் ஓடியிருக்கிறது. அவர்களுக்கு இனி நான் வேண்டாம். மேடையும் தர வேண்டாம், வாக்கும் தர வேண்டாம், என் வில்லில் சோப்பு இருந்தால் என்ன, பிசின் இருந்தால் என்ன. எட்டு என்னைச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஆள் மாவாட்டிக்கொண்டிருக்கிறாள்.

கையைக் கழுவிவிட்டு நேராக ரேடியோக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு வால்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். அலமாரியில் டேப் டப்பா இருந்தது. எடுத்து, அவர் எனக்குக் கற்றுக்கொடுக்காமலே நான் பார்த்துத் தெரிந்துகொண்ட மாதிரி, மிஷினில் சுற்றினேன். மைக்கைச் சொருகவில்லை. பதிகிற பொத்தானை அழுத்தினேன்.

அவர் பதறி எழுந்துவந்து கையை நிறுத்துகிற பொத்தானில் வைத்தார். “தாயி, என்ன செய்யுதே? அழிஞ்சிரும்! எட்டு நாள் உழைப்பு தாயி அது.”

“யாரு உழைப்பு அண்ணாச்சி?”

அவர் என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். எல்லாப் பாட்டும் அழிய முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.