வரவேணாம் என்றேன், வந்து காத்தாள்

அன்பர்களே, என் அண்ணனுக்கு இனிப் பார்வை கிடையாது என்று எங்கள் ஊரே முடிவு கட்டிவிட்ட நேரம் ஒன்று இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கண்களை முத்துமாரி எப்படித் திருப்பிக் கொடுத்தாள் என்பதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நான் எதையும் வேகமாகச் சொல்லுகிறவன். எழுதும்போதும் அந்த வேகம் குறையவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற பங்குனி மாசம். யுத்தம் இன்னும் ஓயவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி எரித்து ஓடிக்கொண்டிருந்த காலம். நான் புதுக்கோட்டையில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன்தான் ஏர் பிடித்து என்னைப் படிக்க வைத்தார். வீட்டில் அவரும் மதினியும், மூன்று வயதுப் பெண் பிள்ளையும்.

அண்ணனுக்கு அம்மை வார்த்திருப்பதாக ஆள் வந்து சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன். எனக்கும் மதினிக்கும் சிறு வயதிலேயே அம்மை குத்தியிருந்தது. பிள்ளைக்கும் குத்தியாயிற்று. அண்ணன் மட்டும் அம்மை குத்த வந்தவரைப் பார்த்ததும் கொல்லை வழியாகக் காட்டுக்கு ஓடிப்போனவர். இரண்டு மாட்டை ஒற்றைக் கையால் இழுத்துப் பிடிக்கிற மனுஷருக்கு அந்தச் சின்ன ஊசியிடம் அவ்வளவு பயம்.

நான் போனபோது அவர் வாழை இலையில் கிடந்தார். உடம்பில் விரல் வைக்க இடமில்லை. முகம் வீங்கி, இமை இரண்டும் ஒட்டி, கண் இருக்கிற இடமே தெரியவில்லை. பிள்ளையைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மதினி மட்டும் வேப்பிலைக் கொத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டவுனிலிருந்து ஒரு டாக்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். இதற்கு மருந்து என்று ஒன்றும் இல்லை, தானாக இறங்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குள்ளும் முத்துப் போட்டிருக்கிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணி நனைத்து, இமை ஒட்டாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலென்றும் இரவென்றும் பார்க்கக் கூடாது, ஒட்டிச் சீழ் கட்டினால் பார்வை போய்விடும் என்றார். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். போதாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போதாதுதான். அக்கம்பக்கத்தார் கேப்பைக் கூழையும் இளநீரையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், உள்ளே வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. நான் ஒரு முறை, மதினி ஒரு முறை என்று மாறி மாறித் துடைத்தோம். அண்ணன் அரிப்புத் தாங்காமல் கையை முகத்துக்குக் கொண்டுபோவார், அதையும் பிடிக்க வேண்டும். மதினி துணியைப் பிடித்தபடியே தூங்கி விழுவாள், திடுக்கிட்டு எழுந்து மறுபடி துடைப்பாள். ஒருநாள் காலையில் நாங்கள் இரண்டு பேருமே அசந்துவிட்டோம். விழித்துப் பார்த்தால் இமை இரண்டும் பிசின் வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தன. அதை நனைத்துப் பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அன்றுதான் எனக்கு நம்பிக்கை முழுவதும் விட்டுப்போயிற்று.

மதினிக்கு விடவில்லை. அவளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த வீட்டில் நோய் வந்திருக்கிறது என்று அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பெற்ற தாயும் ஆத்தாதான், மாரியும் ஆத்தாதான், அம்மை போட்டாலும் ஆத்தாதான். நாங்கள் வாயால் சொல்வதை அவள் மனசால் சொன்னாள். வேப்பிலையால் விசிறிக்கொண்டே, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுவாள்.

"வந்தது வந்துட்ட, நல்லா இரு. ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன். ஆனா அந்தக் கண்ணுல மட்டும் கைய வச்சிராத தாயி. அது ஒன்னயப் பாக்கத்தான வேணும்."

இதைக் கேட்டு நான் வெளியே எழுந்து போய்விடுவேன். கிருமி, ரத்தம் என்று பாடம் படித்தவன் நான். அந்தப் பாடத்தில் பொய் இல்லை. ஆனால் அது எனக்கு அந்த வீட்டில் நிற்கத் தெம்பு கொடுக்கவில்லை. மதினிக்கு ஏதோ ஒன்று கொடுத்துக்கொண்டே இருந்தது.

நான் என்ன வேண்டிக்கொள்வது என்று அவளிடமே கேட்டேன். அவள் சொன்னாள்: "வேற ஒண்ணும் கேக்காதீங்க தம்பி. ஆத்தா எறங்கணும்னு மட்டும் கேளுங்க. எப்பிடி எறங்கணும்னு அவளுக்குத் தெரியும்."

அம்மை தணிவதைத்தான் ஆத்தா இறங்குவது என்போம். தினமும் உச்சிப்பொழுதில் ஊருணியில் முழுகி, ஈர வேட்டியோடு முத்துமாரி முன்னால் நின்று அதையே கேட்டேன்.

இதற்கிடையில் ஒரு காரியம் மிச்சம் இருந்தது. மதினி பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைக்கு அந்தப் பக்கம். அம்மை வார்த்தால் உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்லி, வரவேண்டாம் என்று தடுப்பது முறை. அங்கே மதினியைப் பெற்ற தாய் இருந்தார்கள். எனக்கு அத்தை முறை. அவர்கள் எங்கள் வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிள்ளையின் காதுகுத்துக்கு அவர்கள் வந்து இறங்கியபோது அண்ணன் மேளக்காரரோடு ஏதோ சண்டையில் இருந்தார், அவர்களைப் பார்த்தும் "வாங்க" என்று சொல்லவில்லை. அத்தை சீர்த்தட்டை அப்படியே வைத்துவிட்டு, மாப்பிள்ளை தன் வாயால் வாங்க என்று சொன்னால்தான் இந்தப் படி ஏறுவேன் என்று திரும்பிவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தனியாக வேறு சொல்லணுமா என்று அண்ணனும் விறைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் வணங்காத கழுத்து. நடுவில் மதினி.

ரோட்டுக்குப் போனேன். அறந்தாங்கிப் பக்கமிருந்து கந்தர்வக்கோட்டைக்குப் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் அத்தை ஊர்க்காரர், பழக்கமானவர். பஸ் நிற்கும் முன்பே புறப்படுகிற அவசரம், கரிப்புகை வேறு. பக்கத்தில் ஓடிக்கொண்டே, "அத்தை வீட்ல சொல்லிருங்க, ஆத்தா வந்திருக்கு, வரவேணாம்" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். கடமை முடிந்தது என்று திரும்பிவிட்டேன்.

இரண்டொரு நாள் கழிந்தது. உச்சிப்பொழுது, நான் கோவிலில் ஈர வேட்டியோடு நிற்கிறேன். ரோட்டோரத்துக் கடைக்காரர் வரப்பு வழியாக வேகமாக வந்து, நாற்றங்காலில் நின்ற பெண்களிடம் உரக்கச் சொல்கிறார்:

"ஆத்தா எறங்கிருச்சு. கந்தர்வக்கோட்ட ஆத்தா எறங்கிருச்சு."

எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. பெண்களுக்கும் அப்படித்தான். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று நான் வீட்டுக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் மஞ்சளும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் வார்க்கக் குடத்தோடு நாலைந்து பெண்கள். உள்ளே நுழைந்தால் அண்ணன் அனலாய்க் கொதித்துக்கொண்டு கிடக்கிறார்.

மதினி எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆரு சொன்னா? இன்னும் முத்துக் காயவே இல்லையே" என்றாள்.

கடைக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஒங்க ஆத்தாம்மா. பஸ்ஸ விட்டு எறங்கிருக்கு. அம்மை போட்டுருக்குன்னு சொன்னேன், நிக்காம வருது."

திரும்பினோம். கையில் ஒரு துணி மூட்டையோடு அத்தை தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், படியில் கால் வைத்தார்கள். மதினிக்கு வாய் திறந்துவிட்டது. ஒரு சொல் வெளியே வருவதற்குள் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"சொல்லாத. அம்மை போட்ட வீட்ல வாங்கன்னு சொல்லப்படாது, தெரியாதா? மாப்பிள வாங்கன்னு சொன்னாத்தான் வருவேன்னு சொல்லிப்புட்டுப் போனவ நான். இப்ப இந்த வீட்ல யாரும் யாரையும் வாங்கன்னு சொல்ல முடியாது. அதான் வந்துட்டேன்."

எங்கள் ஊரில் அதுதான் முறை. அம்மை வார்த்த வீட்டுக்கு வருகிறவரை வரவேற்கவும் கூடாது, போகிறவரை வழியனுப்பவும் கூடாது. எத்தனையோ பேர் அலுத்துக்கொள்கிற அந்த முறை, இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்த வாசலை அன்றைக்குத் திறந்துவிட்டது.

அத்தை முகம் முழுக்க அம்மை வடு. சின்ன வயதில் போட்டது. எனக்கு இனி வராது, நீங்க தள்ளிப் படுங்க என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு துணியைக் கையில் வாங்கினார்கள். பிறகுதான் என்னைப் பார்த்து, "வரவேணும்னு ஆள் விட்டீகளே தம்பி, அதுவரைக்கும் புத்தி இருந்துச்சு" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் வரவேணாம்னுல்ல அத்தை சொல்லிவிட்டேன்."

அத்தை துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்கள். கண்டக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள்: ஆத்தா வரவேணும். நடுவில் வந்திருக்கு என்றது கண்டக்டர் காதுக்கு எட்டவே இல்லை. வேணாம் என்று என் வாயிலிருந்து போன சொல், அந்தக் கரிப்புகையிலும் இரைச்சலிலும் வேணும் என்று அவர் காதில் இறங்கியிருக்கிறது.

மதினி அண்ணன் காலடியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். "ஆத்தா எறங்கணும்னு கேட்டோம் தம்பி. எறங்கிட்டா பாத்தீங்களா" என்றாள்.

அன்பர்களே, இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் காலேஜ் சிநேகிதர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று அனுப்பிய சொல்லை வேண்டும் என்று மாற்றியவள் யார் என்று எனக்குத் தெரியும். கேட்ட சொல்லாலேயே அவள் பதில் சொன்னாள்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். மதினி முதல் முதலாகக் கை கால் நீட்டித் தூங்கினாள். அத்தை அண்ணனின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. டாக்டர் சொன்னபடி துணியை நனைத்து, பிழிந்து, துடைத்து, மறுபடி நனைத்து. அண்ணன் ஜுர வேகத்தில் கையை உதறுவார். ஒரு தடவை அத்தையின் முகத்திலேயே பட்டது. "காதுகுத்துல அடிக்காம விட்டதுக்கு இப்ப அடிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது.

முத்துக் காய்ந்தது. ஜுரம் விட்டது. அம்மை இறங்கினால் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்ப்போம். முதல் தண்ணீர் வார்த்த அன்று காலையில், அத்தை வழக்கம்போல் வலது இமையைத் துடைத்தார்கள். இமை தானாகவே அசைந்தது. பிரிந்தது. உள்ளே சிவந்து கலங்கிய ஒரு கண். அது மேலே முகட்டைப் பார்த்தது, மெதுவாக இறங்கி, குனிந்திருந்த முகத்தில் வந்து நின்றது. தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் வெகு நேரம் பார்த்தார். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு தவித்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மூன்றாம் தண்ணீர் வார்க்கும்வரை அதைச் சொல்லக் கூடாதே. கடைசியில் கரகரத்த குரலில், "உக்காருங்க அத்தை" என்றார்.

"இத்தன நாளா உக்காந்துதான் இருக்கேன் மாப்பிள" என்றார்கள் அத்தை. துணியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அதை வீசிவிட்டு வேறு துணி எடுத்தார்கள்.

இடது கண்ணும் மறுநாள் திறந்தது. அதன் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்னப் பூ விழுந்திருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. தாய் வந்து தங்கிய இடம் என்று மதினி அதைச் சொல்கிறாள்.

இப்போது வெள்ளிதோறும் நான் ஊருக்குப் போய்விடுகிறேன். ஊரில் அம்மை குத்த ஆள் வந்தால், மதினியும் நானும் முன்னால் நடக்கிறோம். ஒளிகிறவர்களை மதினிதான் பேசி அழைத்து வருகிறாள். இதுவும் ஆத்தா கொடுத்ததுதான், வாங்கிக்கோங்க என்கிறாள். அதற்கு மறுபேச்சுப் பேசினவர் இதுவரை ஒருவரும் இல்லை.

உங்களில் யார் வீட்டில் இன்று துக்கம் இருக்கிறதோ, அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். வந்த கஷ்டத்தைப் பகையாளியாகப் பார்க்காமல் அதனிடம் பேசி இருந்த ஒருத்தியை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். அவளைப்போல் ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள், அது எப்படி வரவேண்டும் என்பதை மட்டும் தாயிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தவறாகக் கேட்டாலும் அவளுக்குச் சரியாகக் கேட்கும்.

போன வாரம் அண்ணனோடு கண்மாய்க் கரையில் நின்றேன். எதிர்க்கரையில் யாரோ மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அண்ணன் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யார் என்று பேரைச் சொன்னார், எந்த மாடு நொண்டுகிறது என்பதையும் சொன்னார்.