இன்ஸ்பெக்டரம்மா பேசாமல் நின்ற அத்தியாயம்

2006-இல் எனக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை துபாயில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். நிக்காஹ்வுக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது லெப்பைக்குடிகாட்டில் எங்கள் வீட்டு வழக்கமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் போன் செய்வார். என்னைப் பெற்ற அத்தாவிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். நிக்காஹ் முடிந்த கையோடு எனக்கும் விசா எடுப்பதாகப் பேச்சு. நான் பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுத வேண்டும், பி.எட். சேர வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மாப்பிள்ளை இணையத்தில் ஒரு போலீஸ் கதை விளையாட்டு கண்டுபிடித்திருந்தார். காசு கிடையாது, ஆனால் நாளுக்கு ஒரு அத்தியாயம்தான் திறக்கும். அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகி என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வழிகள் கொடுத்திருப்பார்கள். நாம் அழுத்துவதைப் பொறுத்துக் கதை போகும். தன் கணக்கின் கடவுச்சொல்லைத் தன் தங்கை மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார். ஓர் அத்தியாயம் அவர், அடுத்தது நான். பேசிக்கொள்ளவில்லை என்பதால் இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரி முடிந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். துணைக்கு மச்சி, அதாவது என் அண்ணன் மனைவி. ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, மச்சி என்னைவிட ஆர்வமாகக் கேட்பார். கதாநாயகி இன்ஸ்பெக்டர். அவளோடு வேலை பார்க்கும் அதிகாரிக்கு அவள்மேல் விருப்பம். "களவாணிப் பயலப் புடிக்கச் சொன்னா, இவன் இவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கான்" என்பார் மச்சி.

ஒரு நாள் என் முறை. அந்த அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஸ்டேஷனை விட்டுவிட்டு என்னோடு வருகிறாயா என்று கேட்கிறான். வருகிறேன் என்பது முதல் வழி. இந்த வழக்கு முடியும்வரை காத்திரு என்பது இரண்டாவது. மூன்றாவது, பேசாமல் நிற்பது.

இரண்டாவதின் மேல் மவுஸை வைத்தவள் அழுத்தத் துணியவில்லை. துபாயில் அதைப் பார்க்கப்போகிறவர் என்ன நினைப்பார்?

"ஏண்டி, பொம்பளப் புள்ள வாயத் தொறந்தா பதில் சொல்லும்? பேசாம இருந்தாலே சம்மதந்தான். என் நிக்காஹ்ல நான் வாயத் தொறந்தனா?" என்று சொல்லிக்கொண்டே மச்சி மவுஸைப் பிடுங்கி மூன்றாவதை அழுத்திவிட்டார்.

அவள் பேசாததை மறுப்பென்று எடுத்துக்கொண்டு அவன் தனியாக ரயிலேறிவிட்டான். கதை முடிந்தது என்று திரையில் வந்தது. பின்னால் போக வழியில்லை.

"அட கூறு கெட்டவனே, இதுகூடத் தெரியாமயா போலீசு வேல பாக்குற!" என்று மச்சி திரையைத் திட்டினார். நிக்காஹ்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக மாப்பிள்ளை எடுத்துக்கொண்டால்?

அந்த வெள்ளிக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்த அத்தா முகத்தைச் சுளித்தார். "ஒன்னயக் கேக்குறாரும்மா" என்று ரிசீவரை நீட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"அந்த இன்ஸ்பெக்டரம்மா ஏன் பேசாம நின்னாங்க?" என்றது அந்தக் குரல். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"அது மச்சி அழுத்துனதுங்க."

சிரித்தார். "நீங்களா இருந்தா?"

"ரெண்டாவது."

"கேஸ் முடியட்டும்னா? ஒங்களுக்கு என்ன கேஸு?"

"பரீட்சைங்க. அப்புறம் பி.எட்."

"இத மொதல்லயே யாராச்சும் சொல்லிருக்கலாம்ல? விசா எங்க போயிடப் போவுது. முடிச்சிட்டு வாங்க. அத்தாட்ட குடுங்க, நானே சொல்றேன்."

அந்தக் கதையை எழுதியவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத ஒரு கதையை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றும் தொழுகையில் அவர்களுக்காக துஆ கேட்கிறேன். அழுத்திய மச்சிக்காகவும்தான்.

அன்று மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டு போனை வைத்த அத்தா என்னைப் பார்த்தார்.

"பி.எட்.டு எங்க இருக்கு?"

"அரியலூர்ல ஒண்ணு இருக்கு அத்தா."

"அரியலூரா? காலையில அந்த பஸ்ல நிக்கக்கூட எடம் இருக்காதேம்மா" என்று கவலைப்பட ஆரம்பித்தார்.