சீட்டில் ஒரு 'மு'

நேற்று நீங்கள் இரண்டு பேரும் சைக்கிள் சீட்டுக்கு ரெக்சின் உறை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். அதன் நடுவில் என் பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயர்களும் பெயிண்டில். கழற்றுங்கள் என்று கத்தினேன். ராத்திரிச் சோற்றின்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்கள். அப்பனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பீர்கள், போகட்டும்.

ரெக்சினில் என்ன வாசம் இருக்கிறது? அந்தக் காலத்துச் சீட்டு தோல். புதுத் தோலில், அதைப் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் வாசம் வரும். எனக்கு அந்த வாசம் பட்டால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். காரணம் மாது.

மாது என் பெரியப்பா மகன். இண்டூர்ப் பக்கம் எங்களுக்கும் அவனுக்கும் ஒரே கிணறு. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற முறை யாருடையது என்று தகராறு முற்றி, பேச்சு நின்றுபோயிருந்தது. வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்த வருஷங்கள். டயர்கூடக் கிடைக்காத அந்தச் சமயத்தில் எங்கேயோ பிடித்து ஒரு சைக்கிள் வாங்கிவிட்டான். ஊருக்கே அது ஒன்றுதான். மண்டி வேலைக்கு நடந்தே போய்வந்த எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

சந்தையில், கவலையில் தண்ணீர் மொள்ளுகிற தோல் சால் தைப்பவரிடம் வேலைப்பாடு செய்யச் சீட்டைக் கொடுத்தான். அவர் மாட்டுக் கழுத்துப்பட்டையில் பூப்போடுவதுபோலத் தோலை நனைத்து, சூடு காட்டிய இரும்பால் அழுத்தி, ஓரமெல்லாம் மாங்காய்க் கொடி ஓட்டியிருந்தார். அழகு என்றால் அழகு. நடுவில் மட்டும் பெரிதாக ஓர் எழுத்து: மு.

மாது பெயரில் மு கிடையாது. அவன் அப்பா பெயர் காவேரி. முனுசாமி என் அப்பா பெயர். பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லவே தயங்குகிற ஊரில், இவன் அதன் மேல் உட்கார்ந்து எங்கள் வாசல் வழியாகத் தினமும் மணியடித்துக்கொண்டு போனான்.

அப்பா தெருவுக்கு வருவதை நிறுத்தினார். கிணற்றுப் பக்கமும் போகவில்லை. சோளம் காய்ந்தது. தொலையட்டும், முறையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று முனகத் தொடங்கினார்.

அம்மா விடவில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்கள் கூடியிருந்த நேரம் பார்த்துச் சைக்கிளை மறித்தாள்.

"ஏண்டா மாது, சீட்டுல யாரு பேரு?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முருகன் பேருங்க சின்னம்மா" என்றான்.

"சாமி மேல குந்திக்கிட்டாடா ஊரு சுத்தற?"

கோயில் பூசாரி தலையைத் தூக்கினார். "எறங்கித் தள்ளிக்கிட்டுப் போப்பா" என்றார். கூட்டம் சிரித்தது. மாது வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

தோலில் அழுத்தியதை அழிக்க முடியாது என்று சால் தைப்பவர் கைவிரித்துவிட்டாராம். மறுநாள் சீட்டின் மேல் கோணிச் சாக்கு கட்டியிருந்தது. அப்பா அன்றைக்குத்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். தடுக்க வந்த மாதுவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"கோணி கட்டிட்டா? அடியில நாந்தானேடா இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கவலையைப் பூட்டினார். சோளம் பிழைத்தது. சாகும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாது இறந்தபோது பங்காளி என்பதால் போகவேண்டியிருந்தது. கிணற்றில் அப்போதே ஆயில் இஞ்சின் வந்துவிட்டது. சாலும் இல்லை, தைப்பவரும் இல்லை. சைக்கிள் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்தது, கோணி மட்கி. ஓரத்து மாங்காய்க் கொடி அப்படியே இருந்தது. நடுவில் விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. அத்தனை வருஷமும் உட்கார்ந்து உட்கார்ந்து அவனே தேய்த்துவிட்டிருந்தான்.

அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்று வேகமாக நடந்தேன். பாதி வழியில்தான் அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது என்பது உறைத்தது.